பூஜ்யத்துக்கு ஒரு மொய்

சிங்கப்பூரிலிருந்து ஒரு பாலம் தள்ளி, பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் தென்கோடித் தமிழர் நற்பணிச் சங்கத்தில் எதுவும் முடிவதில்லை. முடிந்தது, தீர்ந்தது, இல்லை, ரத்து, போகிறேன் ஆகிய சொற்கள் சங்கக் கட்டடத்துக்குள் புழங்கக் கூடாது என்று செயலாளர் சாத்தப்பன் உத்தரவு போட்டிருக்கிறார். உத்தரவு வாய்மொழியாகத்தான். எழுதிப் போட்டால் அந்தச் சொற்களையே எழுத வேண்டிவருமே. காப்பித்தூள் தீர்ந்தால் 'தூள் நிறைஞ்சிருக்கு'. குழாயில் காற்று மட்டும் வந்தால் 'தண்ணி ஓய்வுல இருக்கு'. பழைய பொருளாளர் விலகிப் போய் வெகுகாலம் ஆகியும் அவர் பெயர் பலகையில் பளபளக்கிறது. அழித்துவிடலாம்தான். அழிப்பதற்கு ஒரு மங்களமான சொல் அகப்பட வேண்டும், அவ்வளவுதான்.

சாத்தப்பனுக்கு இரும்புக்கடை. செட்டிநாட்டுப் பூர்வீகம், பாட்டன் காலத்தில் கப்பலில் வந்த சகுனங்கள் எல்லாம் இன்னும் கெட்டுப்போகாமல் வைத்திருந்தார். அவர் கடையில் இரண்டங்குல ஆணி கேட்டால் "நிறைஞ்சிருக்கு" என்பார். விவரம் தெரிந்தவர்கள் எதிரே இருக்கும் சீனர் கடைக்குப் போய்விடுவார்கள். தெரியாதவர்கள் காத்திருப்பார்கள்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் ஒரு கணினி நிரல் ஒழுங்காக நிற்கிறதா என்று சோதிக்க பிரவீனா வந்து சேர்ந்தாள்.

பிரவீனாவுக்கு ஊர் பெக்கோக். கெலாங் பாத்தாவில் ஒரு தனியார் கல்லூரியில் கணினி படித்துக் கடைசிப் பருவத்துக்கு வந்திருந்தாள். அந்தப் பருவம் முழுக்க ஏதாவது ஒரு நிறுவனத்தில் தொழிற்பயிற்சி. நிறுவனம் மதிப்பெண் தாளில் நூற்றுக்கு இத்தனை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் பட்டம். பட்டத்தைக் காட்டினால் சிங்கப்பூரில் ஒரு வேலை. நேர்முகத்தில் தேறியாயிற்று, அவர்கள் காத்திருந்தார்கள். தேறாவிட்டால், பயிற்சியை முதலிலிருந்து, அதே நிறுவனத்திலேயே மறுபடி செய்ய வேண்டும் என்பது கல்லூரி விதி. அந்த விதியைப் படித்தபோது பிரவீனா சிரித்தாள். சங்கத்தை அப்போது அவள் பார்த்திருக்கவில்லை.

ஞாயிறுதோறும் சங்கத்தில் இலவசக் கண் மருத்துவம் நடக்கும். டாக்டர்கள் நல்லவர்கள், சங்கத்தில் உறுப்பினர் ஆகாதவர்கள். நோயாளிகளை வரிசை எண் சொல்லிக் கூப்பிட ஒரு நிரல் இருந்தது. பெயர் 'அழைப்பான்'. முந்தைய பயிற்சி மாணவன் ஸ்ரீதரன் எழுதியது. அதற்குப் படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் ஆணையைத் தட்டச்சு செய்தால் எழுந்து ஓடும். "எண் பதினாறு, இரண்டாம் அறை" என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் இனிமையாகச் சொல்லும்.

அந்தப் பெண் வாயைத் திறப்பதற்கு முன்னால், சங்கத் தலைவரின் பதிவு செய்யப்பட்ட வரவேற்புரை ஒலிக்கும். கால்மணி நேரம். அழைப்பான் எழும்போதெல்லாம் ஒலிக்கும். அது தலைவரே வைத்த நிபந்தனை.

தலைவர் டத்தோ அம்பிகைபாகன். டத்தோ என்பது அரண்மனை கொடுத்த பட்டம். யாழ்ப்பாணத்து வழி. அரசாங்க இலாகா ஒன்றில் பெரிய நாற்காலியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் மேசைக்குப் போன கோப்பு எதுவும் காணாமல் போனதாகச் சரித்திரம் இல்லை. எல்லாம் அங்கேயேதான் இருந்தன. ஒரு பொங்கல் விழாவில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது யாரோ மைக்கின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மின்சாரச் சோற்றுச் சட்டியைச் சொருகினார்கள். அன்றைக்கே சங்க விதிகளில் ஒன்று கூடியது: தலைவர் குரல் கட்டடத்தில் ஒலிக்கும்வரை விளக்கை அணைப்பதோ, பிளக்கில் கை வைப்பதோ, கதவைப் பூட்டுவதோ, எழுந்து வெளியே செல்வதோ, குறுக்கே பேசுவதோ கூடாது. தலைவர் நேரில் பேசினாலும் சரி, பெட்டிக்குள்ளிருந்து பேசினாலும் சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்சாரம் போயிற்று. அழைப்பான் தலையில் அடிபட்டதுபோல் அப்படியே செத்து விழுந்தது. மின்சாரம் வந்ததும் எழுந்து வரவேற்புரை ஆற்றிவிட்டு, "எண் ஒன்று" என்றது. கெலாங் பாத்தாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, கடைசி ஆளாக உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள் என்கிற கிழவி, அன்றைக்குக் கண்ணைக் காட்டாமலேயே வீட்டுக்குப் போனாள். அதனால்தான் கல்லூரிக்குக் கடிதம் போட்டு ஒரு சோதனையாளரைக் கேட்டார்கள்.

பிரவீனா நிர்வாகக் குழுவுக்கு விளக்கினாள். நிரலை நிறுத்த இரண்டு வழி. ஒன்று தலையில் அடிப்பது. கையில் இருந்தது எல்லாம் சிந்திப்போகும். இன்னொன்று கதவைத் தட்டி, கடையை எடுத்து வை என்று ஒரு சிக்னல் கொடுப்பது. நல்ல நிரல் என்றால் சிக்னல் கிடைத்ததும் கையில் இருக்கும் வேலையை முடிக்க வேண்டும், எந்த எண்வரை கூப்பிட்டோம் என்று குறித்துக்கொள்ள வேண்டும், திறந்ததை மூட வேண்டும், பிறகு சத்தமில்லாமல் போக வேண்டும். பேட்டரியைக் கணினியோடு இணைத்துவிட்டால், மின்சாரம் போனதும் அதுவே இந்தச் சிக்னலைக் கொடுத்துவிடும். அழைப்பான் அப்படிப் போகிறதா என்று பார்ப்பதுதான் 'நிறுத்தச் சோதனை'.

அந்தச் சொல்லைக் கேட்டதும் சாத்தப்பன் காதைப் பொத்திக்கொண்டார். நல்ல நாளும் அதுவுமாக, விளக்கேற்றுகிற இடத்தில், நிறுத்தமாவது போவதாவது. ஒரு மணி நேர விவாதத்துக்குப் பிறகு அதற்கு 'மங்கள நிறைவுச் சோதனை' என்று பெயர் வைத்தார்கள். அடுத்து இன்னொரு சிக்கல் முளைத்தது. மருத்துவம் ஐந்து மணிக்கு முடியும், ஞாயிற்றுக்கிழமையில் நாலரையிலிருந்து ஆறுவரை ராகு காலம். ராகு காலத்தில் எதையும் நிறைவு செய்யலாகாது. ஆகவே இனி ஞாயிறுகளில் அழைப்பான் ஆறு மணிவரை ஓட வேண்டும் என்று முடிவாயிற்று. டாக்டர்கள் ஐந்துக்குப் போய்விடுவார்களே என்று பிரவீனா கேட்டாள். அவர்கள் போகட்டும், நாம் கூப்பிடுவதை நிறுத்தக் கூடாது என்றார் தலைவர்.

முதல் சோதனையை ஒரு புதன்கிழமை, ஆளில்லாத நேரத்தில் பிரவீனா தனியாகச் செய்தாள். "எண் ஏழு" என்று அழைப்பான் ஆரம்பித்த நேரத்தில் சிக்னல் கொடுத்தாள். அது பதறவில்லை. "முதல் அறை" என்று வாக்கியத்தை முடித்தது, ஏழு என்று குறித்துக்கொண்டது, கோப்பை மூடியது, போய்விட்டது. திரையில் ஒரு பூஜ்யம் மட்டும் மிச்சம். ஸ்ரீதரன் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தான். அவனும் அப்படித்தான் போயிருந்தான்: பயிற்சி முடிந்த மறுநாள் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு, போன் நம்பரை மாற்றிக்கொண்டு. அதன் காரணம் பிரவீனாவுக்கு அடுத்த கூட்டத்தில் தெரிந்தது.

அவள் அறிக்கையைக் கொடுத்தாள். முடிவு: 0.

தலைவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "பிள்ளை, இது என்ன முட்டை?"

"டத்தோ, நிரல் போகும்போது ஒரு எண் சொல்லிட்டுப் போகும். ஜீரோன்னா பிரச்சினை ஒண்ணும் இல்ல, எல்லாம் சுத்தமா..."

"இல்லங்கிற வார்த்தை," என்று சாத்தப்பன் முனகினார்.

தலைவர் எழுந்து நின்றார். கேட்க நான்கு பேர் இருந்தாலும் அவர் எழுந்து நின்றுதான் பேசுவார். "நாற்பது வருஷம் அரசாங்கத்துக்கு உழைச்சவன் நான். பூஜ்யம் எடுத்தவன் ஒருத்தனையும் பாஸ் போட்டதில்லை. அவன் என்ன வேலை செய்தான் எண்டு நான் பார்க்கிறதில்லை. எண்ணைத்தான் பார்ப்பன். வேலையைப் பார்க்கத் தொடங்கினா நிர்வாகம் என்னத்துக்காகும்?"

குழு தலையாட்டியது. சாத்தப்பன் இன்னும் கனிவாகச் சொன்னார்: "ஆத்தா, கல்யாணத்துக்கு மொய் எழுதுறப்ப வெறும் நூறா எழுதுவோம்? நூத்தியொண்ணுதானே. சைபர்ல கொண்டுபோய் ஒரு காரியத்த விடலாமா? ஒரு ஒண்ணு வை. அதுக்கு என்ன செலவா ஆகப்போகுது?"

அழைப்பானுக்கு மேலே ஒரு காவல்கார நிரல் இருக்கிறது என்று பிரவீனா பொறுமையாகச் சொன்னாள். அழைப்பான் போகும்போது பூஜ்யம் என்று சொன்னால், சரி, ஒழுங்காகப் போயிருக்கிறது என்று காவல்காரன் சும்மா இருப்பான். வேறு எந்த எண் சொன்னாலும், ஐயோ தடுக்கி விழுந்துவிட்டது என்று நினைத்துத் தூக்கி நிறுத்தி மறுபடி ஓடவிடுவான். ஒன்று வைத்தால் அழைப்பானை நிறுத்தவே முடியாது.

"விழுந்தவனைத் தூக்கி விடுறது நல்ல காரியம்தானே, ஆத்தா?"

"விழலயே அங்கிள். அது வீட்டுக்குப் போகுது."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இனி அழைப்பான் ஒன்று என்று சொல்லித்தான் விடைபெற வேண்டும். பிரவீனா தீர்மானத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு, மாற்றச் சொல்கிறீர்கள், மாற்றிவிடுகிறேன், ஆனால் அறிக்கையில் கண்ணால் பார்ப்பதைத்தான் எழுதுவேன் என்றாள். பார்ப்பதை எழுதுவதா என்று தலைவர் செயலாளரைப் பார்த்தார். அப்படி ஒரு வழக்கம் இருப்பது இருவருக்கும் புதிது.

அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு, ராகு காலம் கழிந்ததும் பிரவீனா சிக்னல் கொடுத்தாள். காலியான அறைக்கு யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்த அழைப்பான் வாக்கியத்தை முடித்தது, குறித்துக்கொண்டது, மூடியது, ஒன்று என்றது. காவல்காரன் பதறியடித்துத் தூக்கிவிட்டான்.

"அன்பார்ந்த சபையோர்களே, வணக்கம்," என்றார் பெட்டிக்குள்ளிருந்து தலைவர்.

மருத்துவப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் கிருஷ்ணம்மா தோளில் பையும் கையில் பூட்டுமாக வாசலில் நின்றிருந்தாள். அந்தக் குரல் ஒலிக்கும்போது பூட்டக் கூடாது, வெளியேயும் போகக் கூடாது. நின்றாள். பிரவீனா மறுபடி சிக்னல் கொடுத்தாள். ஆனால் நல்ல நிரல் கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டுத்தான் போகும். கையில் இருந்த வேலை வரவேற்புரை. கால்மணி கழித்து உரையை முடித்தது, போனது, ஒன்று என்றது, வந்தது.

"அன்பார்ந்த சபையோர்களே, வணக்கம்."

"அலமாக்," என்றாள் கிருஷ்ணம்மா. "என் பஸ்ஸு போச்சுடி. இவரு போக மாட்டாரா?"

போவதற்கும் வருவதற்கும் நடுவில் ஒரு மூச்சு விடுகிற இடைவெளி இருந்தது. மூன்றாவது சுற்றில் கிருஷ்ணம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாய்ந்து வெளியேறினாள். ஓடுகிற ஓட்டத்திலும் 'போயிட்டு வரேன்' என்று சொல்ல மறக்கவில்லை. சாத்தப்பனின் உத்தரவு அவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது.

விஷயத்தைக் கேட்ட குழு பரவசம் அடைந்தது. போகிறேன் என்று சொல்லாமல், போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி, சொன்னபடியே வரவும் செய்கிற நிரல் வேறெந்தச் சங்கத்தில் இருக்கிறது? நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி என்றார் சாத்தப்பன். மதியச் சாப்பாட்டுக்காக அழைப்பானை நிறுத்த நிறுத்த அது எழுந்துகொண்டே இருந்ததால், சாப்பாடு முடிந்த பிறகும் வரவேற்புரை முடியாமல் நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைப் பிரவீனா எடுத்துச் சொன்னாள். பேச்சியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, அந்த மனுசன் வந்ததிலேர்ந்து வணக்கம் சொல்லிட்டே இருக்காரே, எப்ப உள்ள விடுவாரு?" என்று கேட்டதையும் சொன்னாள். வரவேற்பு கூடிவிட்டது என்று எந்தச் சங்கத்திலும் யாரும் புகார் சொன்னதில்லை என்றார் தலைவர்.

அவள் அறிக்கையை நீட்டினாள். முடிவு: தோல்வி.

சாத்தப்பன் அந்தத் தாளை விரல் நுனியால் பிடித்துத் திருப்பி வைத்தார். தலைவர் மதிப்பெண் தாளை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். 'வெற்றி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வா, இது வெளியே வரும். எண் என்ன வேண்டுமோ நீயே சொல்லலாம் என்றார். அந்த மேசைக்குள் போனது எதுவும் வெளியே வந்ததில்லை என்பது பிரவீனாவின் நினைவுக்கு வந்தது.

வாடகை அறைக்குப் போய் அவள் யோசித்தாள். ஒரே ஒரு சொல். எழுதிவிட்டால் பட்டம், பாலம், வேலை. ஆனால் கிழவி மறுபடி இரண்டு பஸ் மாறி வருவாள். யாரோ ஒருவர் இந்த அறிக்கையைப் பார்த்து, சோதித்தாகிவிட்டது, ஒழுங்காக நிற்கிறது என்று சொல்லி அவளை உட்கார வைப்பார். அந்த யாரோ ஒருவர் பிரவீனாவின் கையெழுத்தைக் காட்டித்தான் சொல்வார். சிங்கப்பூர் நிறுவனத்தில் இருந்து நினைவூட்டல் வந்தது. இன்னும் கொஞ்சம் நாள் ஆகும் என்று பதில் போட்டுவிட்டுப் படுத்தாள். அறிக்கையில் எழுத்து மாறவில்லை.

சங்கம் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. சோதனை வெற்றி என்று அறிவிக்க ஒரு விழா எடுத்தது. 'அழைப்பான் மங்கள நிறைவு விழாவும் ஆண்டுப் பொதுக்கூட்டமும்' என்று பத்தடிப் பதாகை. அதில் தலைவர் ஒரு விசையை அழுத்துகிற படம். மேடையில் குத்துவிளக்கு, மடிக்கணினி, அதற்கு ஒரு சிறு மாலை. நிறுத்தச் சிக்னலுக்கான கண்ட்ரோல் விசைக்கும் சி விசைக்கும் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினராக ஒரு ஒய்பி, அதாவது சட்டமன்ற உறுப்பினர், வந்திருந்தார். அவருக்குக் கூலாயில் இன்னொரு நிகழ்ச்சி இருந்தது. கூட்டம் குறைவாகத் தெரியக் கூடாது என்பதற்காக அன்றைய கண் நோயாளிகளையும் மண்டபத்திலேயே உட்கார வைத்தார்கள். டாக்டர்கள் பக்கத்து அறைகளில் கொட்டாவி விட்டார்கள்.

முகூர்த்தம் மூன்று மணி. தலைவர் இரண்டு விரலால் விசைகளைத் தொட்டார். அழைப்பான் கையில் இருந்ததை முடித்தது, திரை அமைதியானது. கைதட்டல். ஒய்பி பொன்னாடைக்காகத் தோளைக் குனிந்து கொடுத்தார்.

"அன்பார்ந்த சபையோர்களே, வணக்கம்."

மேடையில் இருந்த தலைவர் ஒரு கணம் தான்தான் பேசுகிறோமோ என்று வாயைத் தொட்டுப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். விதி எல்லோருக்கும் பொது. ஒய்பியும் பாதி போர்த்திய பொன்னாடையோடு உட்கார்ந்தார். கால்மணி கழித்துத் தலைவர் விசையை மறுபடி அழுத்தினார். இம்முறை இரண்டு கையாலும்.

"அன்பார்ந்த சபையோர்களே, வணக்கம்."

மூன்றாம் சுற்றில் ஒய்பியின் உதவியாளர் குனிந்து வந்து, பிளக்கைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டார். விதியில் இடமில்லை என்று சாத்தப்பன் கண்ணாலேயே சொன்னார். தலைவர் மைக்கை எடுத்து ஏதோ சொல்லப் பார்த்தார். தலைவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்ற விதி நினைவுக்கு வந்து மைக்கை வைத்துவிட்டார். உரையின் நடுவில் ஓர் இடத்தில் 'சுருக்கமாகச் சொல்லி என் உரையை நிறைவு செய்கிறேன்' என்று வரும். அதற்குப் பிறகு பாதி உரை மிச்சம் இருக்கும். நான்காவது சுற்றில் அந்த வரி வந்தபோது தலைவரே தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். நாற்பது வருடத்தில் முதல் முறையாகத் தன் பேச்சை அவர் முழுதாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மணி நாலை நெருங்கியது. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் நிறைவு செய்யாவிட்டால் ஆறு மணிவரை யாரும் நகர முடியாது. சாத்தப்பன் மேடையின் ஓரமாக, ஒலிக்கும் குரலுக்குக் குறுக்கே போகாமல், கிட்டத்தட்ட தவழ்ந்து பிரவீனாவிடம் வந்தார்.

"ஆத்தா, எதாச்சும் பண்ணு."

"ஒண்ண எடுத்துட்டு ஜீரோ போடணும் அங்கிள்."

"போடு போடு."

"தீர்மானம் இருக்கே. சபையில சொல்லி, ஜீரோன்னு மாத்தணும். என் ரிப்போர்ட்டயும் படிக்கணும். எழுதியிருக்கிறபடியே."

சாத்தப்பன் முகம் வெளுத்தது. "அந்த வார்த்தையவா? என் வாயாலயா?"

"ஆறு மணிவரைக்கும் கூட இருக்கலாம் அங்கிள். எனக்கு அவசரம் இல்ல," என்றாள் பிரவீனா. 'இல்ல' என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னாள்.

உரை முடிந்தது. அந்த ஒரு மூச்சு இடைவெளியில் சாத்தப்பன் மைக்கைப் பறித்தார். நேரில் ஒருவர் பேச ஆரம்பித்துவிட்டால் பெட்டியின் ஒலியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று விதியில் ஒரு சந்து இருந்தது. கிருஷ்ணம்மா பாய்ந்து ஒலியைக் குறைத்தாள். சாத்தப்பன் அறிக்கையை விரித்தார். "முடிவு... தோ..." என்றார். எச்சில் விழுங்கினார். "தோல்வி." சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தார். கூரை விழவில்லை. அது அவருக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அடுத்து தலைவர் எழுந்தார். மைக் கைக்கு வந்ததும் அவருக்கு உயிர் வந்துவிட்டது.

"சபையோரே, பூஜ்யம் என்பது நம் முன்னோர் உலகுக்குத் தந்த கொடை. பூஜ்யமே வெற்றி. இதை நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லி வருகிறேன். ஐயப்படுகிறவர்கள் என்னுடைய நாற்பதாண்டு அரசாங்க சேவையை எடுத்துப் பார்க்கட்டும். அதன் பலன் என்ன? பூஜ்யம். இந்தச் சங்கத்துக்கு நான் தலைமை ஏற்று இத்தனை ஆண்டுகள். என்ன விளைந்தது? பூஜ்யம். இதைவிடச் சுத்தமான முடிவு வேறெங்காவது உண்டா?"

ஒய்பி மனதாரக் கைதட்டினார். மண்டபமும் தட்டியது. இனி சங்கத்தில் பூஜ்யமே வெற்றியின் எண் என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

பிரவீனா மேடையேறி ஒரே ஓர் எழுத்தை மாற்றினாள். மாற்றம் ஏறுவதற்கு அழைப்பான் ஒருமுறை போய் வர வேண்டியிருந்தது. பெட்டிக்குள்ளிருந்து தலைவர் கடைசியாக ஒருமுறை எல்லோரையும் வரவேற்றார், இம்முறை மெல்லிய குரலில். உரை முடிந்து, "எண் பதினேழு" என்று பெண் குரல் ஆரம்பித்தபோது, பிரவீனா சந்தனம் பூசிய விசைகளைத் தட்டினாள்.

"முதல் அறை," என்று அது வாக்கியத்தை முடித்தது. பதினேழு என்று குறித்துக்கொண்டது. மூடியது. திரையில் ஒரு பூஜ்யம்.

எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். வணக்கம் வரவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அமைதிக்குள் பேச்சியம்மாள் எழுந்து, பதினேழு என்று எழுதிய துண்டை உயர்த்திப் பிடித்தபடி, ஒய்பிக்கு முன்னால் நடந்து முதல் அறைக்குள் போனாள்.

மறுவாரம் பிரவீனாவைச் சங்க அறைக்குக் கூப்பிட்டார்கள். இழுப்பறை திறந்தது. அந்த மேசையின் சரித்திரத்தில் அது ஒரு சம்பவம். தலைவர் முன்னிலையில் சாத்தப்பன் பேனாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மதிப்பெண் தாளில் 'நூற்றுக்கு' என்ற இடத்துக்கு நேரே, பெரிதாக, வட்டம் பிசகாமல், ஒரு பூஜ்யம் போட்டார். புதிதாக மதம் மாறியவரின் உற்சாகம் அவர் முகத்தில் தெரிந்தது.

"சங்கம் குடுக்கக்கூடிய உச்ச எண் இதுதான், ஆத்தா. உனக்குத்தான் முதல்ல."

பிரவீனா தாளையே பார்த்தாள். கல்லூரியில் இதற்குத் தோல்வி என்று பெயர் என்றாள். தலைவர் சிரித்தார். தீர்மானம் தீர்மானம்தான் பிள்ளை, பூஜ்யத்தில் கை வைக்க வேண்டுமென்றால் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டம்வரை பொறுக்க வேண்டும் என்றார்.

பிரவீனா நாற்காலியை இழுத்துப் போட்டு, யாரும் சொல்லாமலே உட்கார்ந்தாள்.

"சரி டத்தோ. ஃபெயில்னா பயிற்சிய முதல்லேர்ந்து இதே எடத்துலதான் செய்யணும். காலேஜ் விதி. நானும் திரும்பி வரேன். வந்ததும் முதல் வேலை, அழைப்பான்ல அந்த ஒண்ணத் திரும்பப் போடுறது."

"அதெப்படி? இப்ப பூஜ்யம்தானே தீர்மானம்."

"பழைய தீர்மானமும் இருக்கே டத்தோ. அத யாரும் ரத்து பண்ணலயே. ரத்துங்கிற வார்த்தையத்தான் இங்க சொல்லக்கூடாதே. ரெண்டு தீர்மானமும் உயிரோடதான் இருக்கு. ஒரு ஞாயிறு இது, ஒரு ஞாயிறு அது. டத்தோவும் முன்வரிசையில வந்து உக்காருங்க."

தலைவருக்கு எங்கிருந்தோ தன் குரல் கேட்பதுபோல் இருந்திருக்க வேண்டும். சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். சாத்தப்பன் தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

"டத்தோ, பூஜ்யத்துல நாம கை வைக்கல. அது பாட்டுக்கு அப்படியே இருக்கட்டும். ஆனா புள்ளைய வெறும் சைபரோட அனுப்பலாமா? மொய்ன்னு ஒண்ணு இருக்குல்ல."

பூஜ்யத்தின் இடப்பக்கம் ஒரு ஒன்று போட்டார். தள்ளி வைத்துப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. வலப்பக்கமும் ஒரு ஒன்று போட்டார்.

நூற்றுக்கு நூற்றியொன்று. தலைவர் எண்ணைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார், கையெழுத்துப் போட்டார். பிரவீனா தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். கூடுதலாக இருக்கும் அந்த ஒன்றைக் கல்லூரி என்ன செய்யும் என்பது கல்லூரியின் கவலை.

வாசலில் கிருஷ்ணம்மா பூட்டோடு நின்றிருந்தாள். ஐந்து மணிதான் ஆகியிருந்தது. உள்ளே இருந்து சாத்தப்பன் குரல் வந்தது: "ஆத்தா, போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போ."

பிரவீனா செருப்பை மாட்டிக்கொண்டாள். பொறுமையாக இரண்டு வாரையும் சரிசெய்தாள். பிறகு அறைக்குள் இருந்த இருவருக்கும் நன்றாகக் கேட்கும்படி சொன்னாள்.

"நான் போறேன்."